சக்கர நாற்காலியில் வந்த மருத்துவர்
டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வாழ்க்கை

வேலூர் என்றதும் அங்குள்ள கோட்டையும், 1806ஆம் ஆண்டின் சிப்பாய்ப் புரட்சியும் வரலாறு படிக்கும் மாணவியருக்கு நினைவுக்கு வரும். நம் நாஞ்சில் நாட்டுப் பெரியவர்களுக்கோ அவற்றுக்கு முன்னால் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். இங்கே பார்த்துப் பார்த்துக் கைவிட்ட நோய்களுக்கு, கடைசி நம்பிக்கையாக வேலூருக்கு வண்டி ஏறுவோர் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அந்த மருத்துவமனையில் தாமே நோயாளியாகக் கிடந்து, பின்பு மருத்துவராக எழுந்து, ஆயிரக்கணக்கானோரைப் படுக்கையிலிருந்து வெளியே அழைத்து வந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

மேரி வர்கீஸ் அம்மையார் 1925ஆம் ஆண்டு கொச்சியை அடுத்த செறாய் என்னும் ஊரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். தந்தையார் நிலபுலம் உள்ளவர்; திருச்சபைக் காரியங்களில் முன்னின்று உழைத்தவர். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் படித்தபின், மேரி வேலூர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த காலத்தில், பெண்களுக்கென்றே 1918இல் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய பள்ளியின் வளர்ச்சியே அக்கல்லூரி. மேரி அங்கே 1952இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவத்திலும் பெண்களுக்குரிய நோய்களிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கைத்திறனும் அமைதியான குணமும் உடைய அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருக்கிறது என்றே எல்லாரும் எண்ணினர்.

ஒரு நாள் உல்லாசப் பயணம்

1954ஆம் ஆண்டு தொடக்கத்தில், இளம் மருத்துவர்கள் சிலர் ஒன்றுகூடி வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். மேரியும் அவர்களுள் ஒருவர். வழியில் வண்டி நிலைதடுமாறிக் கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழ்ந்த காயம் ஏற்பட்டது. அதைவிடக் கொடியது முதுகுத்தண்டில் பட்ட அடி. இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் அற்றுப்போயின. அப்போது அவருக்கு வயது முப்பதைக்கூட எட்டவில்லை.

முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கற்றை, மூளையின் கட்டளைகளைக் கால்களுக்குக் கொண்டு செல்லும் பாதை. அது ஓரிடத்தில் அறுபட்டால் அல்லது நசுங்கினால் மீண்டும் ஒன்றுசேர்வதில்லை. கால்கள் மட்டுமல்ல, சிறுநீரும் மலமும் கழிக்கும் கட்டுப்பாடும் போய்விடுகிறது. உணர்வற்ற உடல் ஒரே பக்கமாகக் கிடந்தால், அழுத்தம் பட்ட இடத்தில் தோல் அழுகிப் படுக்கைப்புண் உண்டாகிறது. அந்தப் புண்ணும் சிறுநீரக நோயுமே அக்காலத்தில் இத்தகையோரின் உயிரைப் பறித்தன. மருத்துவரான மேரி இவை அனைத்தையும் அறிவார். அறிந்திருந்தது அவருடைய வேதனையைக் கூட்டியதே அன்றிக் குறைக்கவில்லை. மாதக்கணக்கில் படுக்கையே உலகமாயிற்று. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் அவரையும் வாட்டியது. விசுவாசம் உள்ளவர்க்கும் இருள் வருவதுண்டு. மேரி அதற்கு விலக்கல்லர்.

கைகள் இருக்கின்றன

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் பணியாற்றி வந்தார். கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாகப் பிறந்த இவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையைக் கண்டு உலகப்புகழ் பெற்றவர். கைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்தபடியே செய்யலாம். ஆகவே மேரிக்குக் கால்கள் போனாலும் கைகளும் அறிவும் இருக்கின்றன என்பதை அவர் எடுத்துக் காட்டினார்.

நிமிர்ந்து உட்காருவதற்கே பல அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன. அவற்றையும் பொறுத்துக்கொண்டு, மேரி சக்கர நாற்காலியில் அறுவை அரங்கிற்குத் திரும்பினார். உறவும் ஊரும் ஒதுக்கிய தொழுநோயாளரின் கைகளை ஒவ்வொன்றாகச் சீர்ப்படுத்தினார். தம்மைப்போலவே உடலில் குறையுள்ள ஒருவர் மருத்துவராக எதிரே வந்து உட்கார்ந்தபோது, அந்நோயாளிகளின் உள்ளத்தில் பிறந்த தெம்பை எந்த மருந்தும் தந்திருக்க முடியாது.

கடல் கடந்து கற்றது

தமக்குக் கிடைத்த மறுவாழ்வு, இந்தியாவில் தம்மைப்போல் அடிபட்ட மற்றவர்க்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் மேரியை விடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தங்கித் தமக்கே பயிற்சி பெற்றார். பின்பு நியூயார்க் சென்று, டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்திலிருந்து ரஸ்க் ஒன்றைக் கண்டிருந்தார். காயம் ஆறியதோடு வைத்தியம் முடிவதில்லை; அம்மனிதர் வீடு திரும்பி, வேலை செய்து, மக்களோடு பழகி வாழும்வரை அது தொடர வேண்டும் என்பதே அது.

இங்கிலாந்தில் டாக்டர் லுட்விக் குட்மன் இதே வழியில் சென்றவர். 1948இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் இருந்தோருக்கு அவர் வில்வித்தைப் போட்டி நடத்தினார். முதலில் கலந்துகொண்டவர் 16 பேர். அதுவே வளர்ந்து, 1960இல் ரோம் நகரில் மாற்றுத்திறனாளிகளின் முதல் ஒலிம்பிக் போட்டியாயிற்று. விளையாட்டும் வெளியூர்ப் பயணமும் ஆடம்பரம் அல்ல, அவையும் வைத்தியமே என்பதை உலகம் மெல்ல உணரத் தொடங்கியது.

பாகாயத்தில் எழுந்த நிலையம்

தாயகம் திரும்பிய மேரி, வேலூரில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966இல் நகரின் தென்பகுதியாகிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் உள்ளேயே தங்கிப் பயிற்சி பெறும் நிலையங்களில் இந்தியாவிலேயே முதலாவது என அது போற்றப்படுகிறது.

அங்கே கற்பிக்கப்படுபவை கேட்பதற்குச் சிறியவை. படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுதல். நாற்காலியில் இருக்கும்போது கைகளை ஊன்றி அடிக்கடி உடலைத் தூக்கிப் புண் வராமல் காத்தல். கழிவறைப் பழக்கத்தை நேரம் தவறாமல் ஒழுங்குபடுத்துதல். கைத்தொழில் ஒன்றைக் கற்றல். வீட்டார் ஒருவரும் உடன் தங்கிக் கவனிக்கும் முறைகளைப் படித்துக்கொள்வார். ஊருக்குத் திரும்பியபின் துணை நிற்கப் போகிறவர் அவரல்லவா! இச்சிறு பாடங்கள்தாம் படுக்கைக்கும் வாழ்வுக்கும் நடுவே போடப்பட்ட பாலம்.

1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1981ஆம் ஆண்டை ஊனமுற்றோர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதையும் அவர் கண்டார். 1986இல் இறைவனடி சேர்ந்தார். நாற்காலியில் அமர்ந்தபடி அவர் வாழ்ந்த ஆண்டுகள், நடந்து வாழ்ந்த ஆண்டுகளைவிட அதிகம்.

மீண்டும் கூடும் குடும்பம்

அவருடைய மறைவோடு பணி நின்றுவிடவில்லை. பயிற்சி பெற்று வீடு திரும்பியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வேலூரில் கூடிச் சில நாட்கள் தங்கும் ரீஹாப் மேளா அந்நிலையத்தில் வழக்கமாயிற்று. சிறுநீரகப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் ஒருபுறம், விளையாட்டும் ஆடல்பாடலும் மறுபுறம் நடைபெறும். புதிதாக அடிபட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் இளைஞன், பல ஆண்டுகளுக்கு முன் தன்னைப்போலவே வந்தவர் இன்று கடை நடத்துவதையும் குடும்பம் காப்பதையும் நேரில் காண்கிறான். பத்துச் சொற்பொழிவு செய்யாததை ஓர் இரவுப் பேச்சு செய்துவிடுகிறது.

ஓர் உல்லாசப் பயணத்தில் கால்களை இழந்தவர் மேரி அம்மையார். அவர் வளர்த்த பணியோ, வெளியூர் சென்று தங்கி மகிழும் உரிமையை மற்றவர்க்குத் திருப்பித் தருகிறது. இறைவனின் திட்டத்தை என்னென்பது!

நம் ஊரில்

இனி நம் பக்கம் திரும்புவோம். 1954இல் மேரி அடிபட்டபோது, கொச்சியும் நம் மாவட்டமும் திருவிதாங்கூர்-கொச்சி என்னும் ஒரே மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் முதல் நாள்தான் நாம் தமிழகத்தோடு இணைந்தோம். ஆகவே அவர் நமக்கு அந்நியர் அல்லர்.

பனையும் தென்னையும் நிறைந்த மாவட்டம் நம்முடையது. மரத்திலிருந்து விழுவது தென்னிந்தியாவில் முதுகுத்தண்டு முறிவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. பனையேறிப் பிழைத்த ஒருவர், சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனார், சாலை விபத்தில் சிக்கிய ஓர் இளைஞர் எனப் பலர் பின்கட்டு அறையில் முடங்கிக் கிடக்கின்றனர். பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் இருக்கின்றனர். சிறுவயதில் சிறப்புப் பள்ளிக்குச் சென்றவர்கள், வயது வந்ததும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகின்றனர். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஊரே திரண்டு போகும்போது, வீட்டுக் காவலுக்கு இருப்பவர்கள் இவர்களும் இவர்களைப் பெற்ற தாய்மாரும்தாம். ஒரு நாள் வேறிடத்தில் தூங்கி விழித்து எத்தனை ஆண்டுகள் ஆயினவோ!

2006இல் ஐ.நா. சபை ஏற்ற உடன்படிக்கை, ஓய்வும் விளையாட்டும் மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று கூறுகிறது. இந்தியா அதை 2007இல் ஏற்றது. 2016இல் சட்டமும் இயற்றியது. 2022 நவம்பரில் சென்னை மெரினா கடற்கரையில், சக்கர நாற்காலி கடலலை வரை செல்ல மரப்பாதை அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே புயலில் அது சேதமுற்றுப் பின்னர் செப்பனிடப்பட்டது. பாதை போட்டால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும் என்பது இதிலுள்ள பாடம்.

நாம் செய்யக்கூடியது

கோடை விடுமுறையில் நம் விடுதி அறைகள் வெறுமையாக இருக்கின்றன. இத்தகையோர் பத்துப் பேரை இரண்டு நாள் அழைத்து உபசரிக்க நம்மால் முடியாதா? ஆர்வம் மட்டும் போதாது, முன்யோசனை வேண்டும்.

முதலாவது வழி. படி ஓரடி உயரமானால், சரிவுப்பாதை பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். அதற்கும் செங்குத்தானால் நாற்காலி பின்னோக்கி உருளும். இரண்டாவது கழிவறை. வாசல் அகலமாகவும், உட்காரும் வகையிலும், கைப்பிடியோடும் இருக்க வேண்டும். இது இல்லாத இடத்தில் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. வருபவர் தண்ணீர் குடிக்கவே அஞ்சுவார். மூன்றாவது படுக்கை. நாற்காலியின் உயரமே கட்டிலுக்கும் இருந்தால் மாறுவது எளிது. உணர்வற்ற உடலுடையோரை இரவிலும் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எனவே விழித்திருப்போர் முறைவைத்து இருத்தல் அவசியம்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்க்கு வேறுவகைக் கவனம் தேவை. புதிய இடம் அவர்களைக் கலங்கச் செய்யும். முன்கூட்டியே ஒருமுறை அழைத்து வந்து காட்டுவதும், பழகிய தலையணையையோ போர்வையையோ கொண்டுவரச் சொல்வதும், இரவில் சிறுவிளக்கு எரிய விடுவதும் நன்மை தரும். வலிப்பு மருந்து ஒருவேளைகூடத் தவறக்கூடாது. பெண்களுக்குப் பெண்களே துணையிருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், வருபவர் பெரியவர்கள் என்பதை மறவாமை. நாற்பது வயதுள்ளவரைக் குழந்தையைப்போல் கொஞ்சுவது அன்பு ஆகாது. அண்ணன் என்றும் அக்கா என்றும் அழைப்போம். எதை உண்பது, எப்போது உறங்குவது, கடற்கரைக்குப் போவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அந்த இரண்டு நாட்களும் அவர்களின் அன்னையர் கவலையின்றித் தூங்கட்டும். லூர்து நகரில் நோயுற்றோரை நாற்காலிகளில் தள்ளிச் சென்று, உடன் தங்கிப் பணிவிடை செய்யும் தொண்டர்களைப் பற்றி மறைக்கல்வியில் கேட்டிருக்கிறோம். லூர்து வெகுதூரம், நம் விடுதி வாசலோ மிக அருகில்.

முடிவுரை

மேரி வர்கீஸ் அம்மையார் புதுமை எதுவும் செய்து நடக்கவில்லை. அவருடைய கால்கள் இறுதிவரை அசையவில்லை. தம் துன்பத்தைத் தம்மோடு முடித்துக்கொள்ளாமல், அதையே பிறருக்கு வழியாக்கினார் என்பதே அவருடைய பெருமை.

அன்பு மாணவியரே! நம் பள்ளி முகப்பில் எத்தனை படிகள் உள்ளன என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாள்தோறும் துள்ளி ஏறும் நாம் அவற்றை எண்ணியதில்லை. சக்கர நாற்காலியில் வருபவர் முதலில் எண்ணுவது அவற்றைத்தான். நாளை காலை மணி அடிக்குமுன் ஒருமுறை நின்று எண்ணிப் பார்ப்போம். அங்கே ஒரு சரிவுப்பாதை அமைக்க, சகோதரிகளும் பெற்றோரும் மாணவியரும் சேர்ந்து வழி தேடுவோம். அவரைப் போற்ற அதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.