உள்ளத்தை ஆய்ந்த வில்லியம் ஜேம்ஸ்

நியூயார்க்கில் 1842-ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் ஜேம்ஸ், 1869-இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் கடும் மனச்சோர்வு அவரை வாட்டியது. மறு ஆண்டு பிரெஞ்சு மெய்யியலார் ரெனூவியேயின் எழுத்தைப் பயின்றவர், மனிதன் தானே தேர்ந்து செயலாற்ற வல்லவன் என நம்பத் துணிந்தார், மெல்ல மீண்டார்.

அச்சத்தால் உடல் நடுங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். உடலின் நடுக்கத்தை உணர்வதே அச்சம் என 1884-இல் அவர் எழுதினார். பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயனாய் 1890-இல் 'உளவியல் கோட்பாடுகள்' என்னும் பெருநூல் வெளிவந்தது. 1910-இல் அவர் மறைந்தார்.

உடலுறுப்புகளின் மாற்றங்கள் பல உணர்ச்சிகளுக்கும் பொதுவானவை எனக் காட்டி, ஹார்வர்டின் வால்ட்டர் கேனன் 1927-இல் அக்கருத்தை மறுத்தார். எனினும், உணர்ச்சியில் உடலின் பங்கு யாது என்னும் அவர்தம் வினாவை ஆய்வாளர் இன்றும் தொடர்கின்றனர். மனம் தளரும் மாணவர்க்கு, தளர்ந்தும் மீண்ட அவர்தம் வாழ்வை நாம் எடுத்துரைப்போம்.