தென்னமரமும் ஒரு பிரெஞ்சுக்காரரும்

நம் வீட்டு அடுப்பில் காயும் செம்பனை எண்ணெய்க்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாறு நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான் தொடங்கியது. அதனோடு பிணைந்த பெயர் ஆன்றி ஃபொக்கோனியே என்பதாகும்.

இவர் 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், பிரான்சு நாட்டின் மேற்கே ஷராந்த் பகுதியிலுள்ள பார்பெசியே என்னும் சிற்றூரில் பிறந்தார். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த நாடு அது. வெண்ணெய்க்கும் அப்பகுதி பெயர்பெற்றது. கரிய இறகும் உயர்ந்த காலும் உடைய ஒருவகைக் கோழி, இன்றும் அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது.

அப்பகுதி மக்களின் எளிய உணவு ஒன்றை நாமும் நம் வீட்டில் சமைக்கலாம். அதன் பெயர் மொஜெத். நம் மொச்சையை நினைவூட்டும் ஒலி! வெள்ளை அவரை விதைகளை இரவு முழுதும் ஊறவைத்து, வெங்காயம், பூண்டு, கேரட், மணமுள்ள இலைகள் சேர்த்துச் சிறுதீயில் நெடுநேரம் வேகவைக்க வேண்டும். இறுதியில் உப்பும் வெண்ணெயும் இட வேண்டும். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, அதன்மேல் இதனை இட்டு உண்பர். உழவர் வீட்டு உணவு எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதை இதனால் நாம் அறிகிறோம்.

தந்தை மறைந்தபின் ஃபொக்கோனியே சிலகாலம் இங்கிலாந்தில் ஆசிரியப் பணி புரிந்தார். பின்னர்ப் பொருள் தேடிக் கடல் கடந்து, 1905ஆம் ஆண்டில் மலாயா வந்தடைந்தார். கிள்ளான் பகுதியில் தோட்டத் தொழில் பயின்று, சிலாங்கூர் ஆற்றையடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் காடழித்து ரப்பர்த் தோட்டம் அமைத்தார். மலாய் மொழியையும் தமிழையும் கற்றார். தம் கீழ் உழைத்தவர்களின் மொழியைத் துரை ஒருவர் கற்றது பாராட்டத்தக்கதே.

சுமத்திராத் தீவிலிருந்து செம்பனை விதைகளைக் கொண்டுவந்தவரும் அவரே. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரப் பூங்காவில் நடப்பட்ட நான்கே நான்கு கன்றுகளின் வழிவந்தவை அவை. 1917ஆம் ஆண்டில், அன்று பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்டு இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனை நடவு நிகழ்ந்தது. தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில் அது நிகழ்ந்தமை நமக்குப் பெருமையன்றோ!

1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது, அவர் தாயகம் சென்று படையில் சேர்ந்தார். பிற்காலத்தில் துனிசியாவில் குடியமர்ந்து, 'மலேசி' என்னும் நாவலை எழுதினார். பிரெஞ்சு இலக்கிய உலகில் உயர்வாக மதிக்கப்படும் கொன்கூர் பரிசு 1930இல் அந்நூலுக்குக் கிடைத்தது. நம் ஆற்றங்கரையும் காடும், மலாய்க்காரரும் தமிழரும் அந்நூலின்வழி உலகறிந்தனர். 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தமது 94ஆம் வயதில் அவர் பாரிசில் மறைந்தார்.

இங்கு நாம் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். விதை கொணர்ந்தவரின் பெயரை வரலாறு குறித்து வைத்துள்ளது. ஆனால் காடழித்தும், குழி தோண்டியும், கன்று நட்டும், குலை வெட்டியும் உழைத்த நம் பாட்டன் பாட்டியரின் பெயர்கள் எந்நூலில் உள்ளன? அவர்கள் லயத்தில் என்ன சமைத்தார்கள், எதை எண்ணி அழுதார்கள், எதை எண்ணி மகிழ்ந்தார்கள் என்பதைத் துரை எழுதிய நூலில் மட்டும் தேடினால் போதுமா?

அன்புப் பெற்றோர்களே, முதியோர்களே! தோட்ட வாழ்வின் கதைகளை நம் பிள்ளைகளுக்குக் கூறுங்கள். மாணவர்களே! பிறர் மொழியையும் உணவையும் விருப்போடு அறியுங்கள். அதே விருப்போடு உங்கள் பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் கூறுவதை ஏட்டில் எழுதி வையுங்கள். ஃபொக்கோனியே தாம் கண்டதை எழுதினார். நம் முன்னோர் கண்டதை எழுத வேண்டியவர்கள் நாமே.