அடா லவ்லேஸ்: 35 வயதில் கருப்பை புற்றுநோய்... 'முதல் புரோகிராமர்' அதை எதிர்கொண்டது எப்படி?

உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராமர் யார்? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் யோசிக்காமலே சொல்லும் பதில்: அடா லவ்லேஸ். ஆனால் அந்த ஒரு வரியோடு அவரது கதையை நாம் முடித்துவிடுகிறோம். 36 வயதில் கருப்பை புற்றுநோயால் இறந்தவர் அடா. நோய் என்னவென்று தெரிய வந்ததற்கும் மரணத்திற்கும் நடுவில் சுமார் ஒன்றரை ஆண்டுகள்தான் இருந்தன. அந்த நாட்களில் அவர் வலியோடும், கடனோடும், சொந்த வீட்டிலேயே தன் பேச்சு எடுபடாத நிலையோடும் போராடினார்.

யார் இந்த அடா?

1815 டிசம்பர் 10-ம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா, ஆங்கிலக் கவிஞர் லார்ட் பைரன். அம்மா அனபெல்லா, கணிதத்தில் ஆர்வம் கொண்டவர். குழந்தை பிறந்த ஒரே மாதத்தில் அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு கணவர் வீட்டை விட்டு வெளியேறிவிட்டார். சில மாதங்களில் பைரனும் இங்கிலாந்தை விட்டுப் போனார், திரும்பவே இல்லை. 1824-ல் கிரீஸில் அவர் இறந்தபோது அடாவுக்கு வயது 8. அப்பாவின் முகமே அவருக்கு நினைவில் கிடையாது.

அப்பாவின் குணம் மகளுக்கு வந்துவிடக் கூடாது என்பது அம்மாவின் பயம். அதனால் சின்ன வயதிலிருந்தே கணக்கு, கணக்கு, கணக்குதான். உடம்பும் அடாவுக்கு ஒத்துழைக்கவில்லை. 13 வயதில் வந்த தட்டம்மைக்குப் பிறகு நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். பிறகு ஊன்றுகோல் பிடித்துத்தான் நடக்க ஆரம்பித்தார்.

17 வயதில், 1833-ல், கணித மேதை சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். அவருடைய கணக்குப் போடும் இயந்திரத்தைப் பார்த்து அசந்துபோனார். 1835-ல் வில்லியம் கிங் என்பவரோடு திருமணம். கணவருக்கு 1838-ல் லவ்லேஸ் பிரபு பட்டம் கிடைக்க, இவர் லவ்லேஸ் சீமாட்டி ஆனார். மூன்று குழந்தைகள் பிறந்தனர்.

அவர் செய்த சாதனை என்ன?

பாபேஜ் திட்டமிட்ட அனாலிட்டிகல் இன்ஜின் என்ற இயந்திரத்தைப் பற்றி இத்தாலியப் பொறியாளர் மெனாப்ரியா 1842-ல் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். அதை அடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சும்மா மொழிபெயர்க்கவில்லை. மூலக் கட்டுரையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நீளத்துக்குத் தன் சொந்தக் குறிப்புகளையும் சேர்த்தார். 1843-ல் அது வெளியானது. பெயருக்குப் பதில் மூன்று எழுத்துகள் மட்டும்: ஏ.ஏ.எல்.

கடைசிக் குறிப்பில், பெர்னூலி எண்களை அந்த இயந்திரம் எப்படிப் படிப்படியாகக் கணக்கிடும் என்று அட்டவணை போட்டுக் காட்டினார். அதைத்தான் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்கிறார்கள். அந்தப் பெருமையில் பாபேஜுக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்றும் உண்டு. ஆனால் எண்களைத் தாண்டி, விதிகளுக்குக் கட்டுப்பட்ட எதையும், இசையைக்கூட, இயந்திரம் கையாள முடியும் என்று எழுதியது அடாதான். அந்த இயந்திரம் கடைசி வரை கட்டப்படவே இல்லை.

நோய் எப்போது தெரிய வந்தது?

1851. அடாவுக்கு 35 வயது. கடுமையான ரத்தப்போக்கு அவரைப் படுக்கையில் தள்ளியது. பிரபுக் குடும்பம் என்பதால் பெரிய டாக்டர்கள் வந்தார்கள். விக்டோரியா ராணியின் பிரசவங்களைப் பார்த்த சார்லஸ் லோகாக்கும் அவர்களில் ஒருவர். கருப்பையில் ஆழமான புண் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது.

ஆரம்ப மாதங்களில், புண் ஆறிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் அடா இருந்தார். அடுத்த ஆண்டு வலி அதிகமாக அதிகமாக, அந்த நம்பிக்கை கரைந்தது.

அந்தக் காலத்தில் என்ன சிகிச்சை இருந்தது?

சுருக்கமாகச் சொன்னால், எதுவும் இல்லை. எக்ஸ்-ரே 1895-ல்தான் வந்தது. ரேடியம் 1898-ல். வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றி, நோயாளியும் உயிர் பிழைத்த முதல் ஆபரேஷன் அமெரிக்காவில் நடந்தது 1853-ல், அடா இறந்த மறு வருடம். திசுவை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இது எந்த வகை, எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் முறையும் அப்போது நடைமுறையில் இல்லை. அதனால்தான் அவருக்கு வந்தது கருப்பையிலா, கருப்பை வாயிலா என்று இன்று யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

இருந்தவை ஓபியம் கலந்த மருந்து, கஞ்சா, குளோரோஃபார்ம். இவற்றோடு மெஸ்மெரிசம் என்ற வசியச் சிகிச்சையும் நடந்தது. நோயாளியின் ரத்தத்தை வெளியேற்றும் பழக்கமும் ஒழியாத காலம் அது.

நோய்க்கு நடுவே கடன் வேறா?

ஆமாம். அடாவுக்குக் குதிரைப் பந்தயப் பழக்கம் இருந்தது. கணக்குத் தெரிந்தவர் என்ற தைரியத்தில் சிலரோடு சேர்ந்து பணம் கட்டினார். 1851-ல், நோய் வெளிச்சத்துக்கு வந்த அதே காலத்தில், 3,000 பவுண்டுக்கு மேல் தோற்றார். அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை.

கடனை அடைக்க லவ்லேஸ் குடும்பத்தின் வைர நகைகளை அடகு வைத்தார். விஷயம் தெரிந்து அம்மா மீட்டுக் கொடுத்தார். பிறகு அதே நகைகளை ரகசியமாக மறுபடியும் அடகு வைத்தார். சாவு நெருங்குகிறது என்று தெரிந்த ஒருவர், ஒவ்வொரு கடிதத்தையும் மறைத்து மறைத்து, கடன்காரர்களைச் சமாளித்துக்கொண்டிருந்தார் என்று நினைத்துப் பார்த்தால் அந்த ஆண்டின் கனம் புரியும்.

வீட்டில் யார் கை ஓங்கியது?

1852 கோடையில் அம்மா அனபெல்லா லண்டன் வீட்டுக்கு வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். மகளுக்குப் பணிவிடை செய்தார் என்பது உண்மை. யார் பார்க்க வரலாம், யார் வரக் கூடாது என்று முடிவு செய்ததும் அவர்தான். ஒரு கட்டத்துக்குப் பிறகு பழைய நண்பர்களுக்கு அனுமதி இல்லை. ஏறக்குறைய 20 ஆண்டு நட்பான பாபேஜுக்கும் கதவு மூடப்பட்டது.

வலி மருந்திலும் அம்மாவின் விருப்பமே பேசியது. அவருக்கு நம்பிக்கை இருந்தது மெஸ்மெரிசத்தில். துன்பம் ஆன்மாவைத் தூய்மையாக்கும், பாவங்களை ஒப்புக்கொள்ள வைக்கும் என்று நினைத்தவர் அவர். மதத்தில் பெரிய பிடிப்பு இல்லாத அடா, கடைசி மாதங்களில் பிரார்த்தனைக்கும் பாவமன்னிப்புக்கும் இணங்கினார். மனம் மாறினாரா, எதிர்க்கத் தெம்பு இல்லையா என்பதை அவரவர் ஊகத்துக்கு விட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 30-ம் தேதி கணவரிடம் ஏதோ ஒரு விஷயத்தை மனம் திறந்து சொன்னார். அதைக் கேட்ட வில்லியம் படுக்கையருகிலிருந்து எழுந்து போய்விட்டார். அது என்ன விஷயம் என்பது இன்று வரை வெளியே வரவில்லை.

அடா தானாக முடிவெடுத்தது எதை?

கையில் மிச்சமிருந்த சில விஷயங்களை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆகஸ்டில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வந்தார். தன் 'டோம்பி அண்ட் சன்' நாவலில் சிறுவன் பால் இறக்கும் பகுதியை அடாவுக்கு வாசித்துக் காட்டினார். சாவைப் பற்றிப் பேசவே தயங்கும் வீட்டில், சாவைப் பற்றிய பக்கங்களை ஒரு நண்பரின் குரலில் கேட்டார் அடா.

ஓவியர் ஹென்றி பிலிப்ஸுக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு பியானோ முன் உட்கார்ந்தார். பிலிப்ஸின் அப்பாதான் முன்பு பைரனை வரைந்தவர். அந்த ஓவியத்தில் மெலிந்து, களைத்த முகத்தோடு இருக்கிறார் அடா. விரல்கள் பியானோ கட்டைகள் மேல்.

மூன்றாவது முடிவுதான் பெரியது. 1850-ல் பைரன் குடும்பத்தின் பழைய மாளிகையான நியூஸ்டெட் ஆபிக்குப் போய் வந்த பிறகு, அப்பா மீது அவருக்கு ஒரு பற்று வந்திருந்தது. தன்னை அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அப்பாவிடமிருந்து மகளைப் பிரித்தே வைத்திருந்தவர் அம்மா. அதனால் அது சின்ன வேண்டுகோள் இல்லை.

1852 நவம்பர் 27-ம் தேதி அடா இறந்தார். நாட்டிங்ஹாம்ஷையரில் ஹக்னால் ஊர் தேவாலயத்தில், பைரனின் சவப்பெட்டிக்கு அருகே வைக்கப்பட்டார். அப்பா இறந்ததும் 36 வயதில்தான்.

இன்று என்றால் என்ன நடந்திருக்கும்?

முதலில், நோய்க்குச் சரியான பெயர் கிடைத்திருக்கும். ஸ்கேன், பயாப்சி மூலம் எந்த வகைப் புற்றுநோய், எந்தக் கட்டம், எந்த கிரேடு என்று டாக்டர் சொல்லிவிடுவார். ஹை-கிரேடு என்றால் புற்றுச் செல்கள் சாதாரணச் செல்களிலிருந்து ரொம்பவே மாறி இருக்கின்றன, வேகமாக வளரக்கூடும் என்று அர்த்தம். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது கட்டம். இரண்டும் வேறு வேறு. ஹை-கிரேடு என்று ரிப்போர்ட்டில் பார்த்ததுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ என அடாவுக்குக் கிடைக்காத வழிகள் இன்று இருக்கின்றன.

எச்சரிக்கை மணி மட்டும் மாறவில்லை. அது ரத்தப்போக்குதான். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் பட்டாலும், வழக்கத்தைவிட அதிகமாகப் போனாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் புற்றுநோயாக இருக்காது. ஆனால் வயசானா இப்படித்தான் என்று வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது.

அடாவின் கதையில் நோயாளியின் குடும்பத்துக்கும் பாடம் உண்டு. உண்மை நிலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்குத்தான். யாரைப் பார்க்க வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டும் என்பதும் அவரைக் கேட்டுத்தான் முடிவாக வேண்டும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதி கிடையாது. வலி நிவாரண மருத்துவம் இன்று தனித் துறையாகவே இருக்கிறது, முதல் நாளிலிருந்தே அதைக் கேட்டுப் பெறலாம்.

அடா இறந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. இயந்திரம் சிந்திக்குமா என்று 1950-ல் எழுதிய ஆலன் டூரிங், அடாவின் கருத்தை எடுத்துக்கொண்டு விவாதித்தார். பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான ஒரு புரோகிராமிங் மொழிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஏ.ஏ.எல். என்று மூன்று எழுத்துகளுக்குள் ஒளிந்திருந்த அந்த மொழியின் பெயர்: அடா.