காணாத வானத்தை வரைந்தவர்

1905ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஹாமில்டன் மலைமீது 17 வயது இளைஞர் ஒருவர் ஏறினார். மலையுச்சியில் லிக் வானாய்வகம் இருந்தது. அங்கிருந்த 36 அங்குலத் தொலைநோக்கியில் அவர் நிலவைப் பார்த்தார். பிறகு, 12 அங்குலத் தொலைநோக்கியில் சனிக்கோளைப் பார்த்தார். கருவானில் வளையத்தோடு மிதந்த அந்தக் கோள் அவர் மனத்தை முழுமையாகக் கவர்ந்துவிட்டது. வீடு திரும்பியதும் கண்ட காட்சியை ஓவியமாகத் தீட்டினார். அந்த ஓவியம் நெடுநாள் நிலைக்கவில்லை. மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவை உலுக்கிய நிலநடுக்கத்தைத் தொடர்ந்து மூண்ட தீயில் அது எரிந்து சாம்பலானது.

அந்த இளைஞர்தான் செஸ்லி பொனஸ்டெல். 1888ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றார். மூன்றாம் ஆண்டிலேயே படிப்பை விட்டு வெளியேறினார். பட்டம் இல்லாவிட்டாலும் அவருடைய கைத்திறனைத் தேடி வேலை வந்தது. நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடத்தின் முகப்பு வடிவமைப்பில் அவருக்குப் பங்குண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் கட்டப்படுவதற்கு முன்பே, அது எப்படித் தோன்றும் என்பதைப் பொதுமக்களுக்குக் காட்டும் படங்களை வரைந்தவரும் அவரே. இல்லாத ஒன்றை இருப்பதுபோல் காட்டும் பயிற்சி இவ்வாறு அவருக்கு வாய்த்தது.

ஐம்பது வயதை எட்டும்போது அவர் ஹாலிவுட் திரையுலகில் நுழைந்தார். படப்பிடிப்பில் கட்ட முடியாத கோட்டைகளையும் நகரங்களையும் பின்னணி ஓவியங்களாக வரைவது அவர் பணி. நடிகர்கள் நடித்த காட்சியோடு அந்த ஓவியம் இணைக்கப்படும். புகழ்பெற்ற 'சிட்டிசன் கேன்' படத்திலும் அவருடைய ஓவியங்கள் உள்ளன. படக்கருவி இடம் மாறினால் ஒரு பொருளின் அளவும் கோணமும் எவ்வளவு மாறும் என்பதை அவர் அங்குத் துல்லியமாகக் கற்றுக்கொண்டார்.

அந்தக் கணக்கை அவர் வானத்துக்குக் கொண்டுபோனார். சனியைச் சுற்றும் நிலவுகளில் நின்று பார்த்தால் சனி எவ்வளவு பெரிதாகத் தெரியும்? வளையம் எந்தக் கோணத்தில் தோன்றும்? ஒவ்வொன்றையும் கணக்கிட்டு வரைந்தார். 1944இல் 'லைஃப்' இதழ் அந்த ஓவியங்களை வெளியிட்டது. அவை புகைப்படங்களைப்போலவே இருந்ததால் வாசகர்கள் வியந்து போனார்கள். அதன் பிறகு நூல்களும் திரைப்படங்களும் இதழ்களும் அவரைத் தேடி வந்தன. ராக்கெட் அறிஞர் வெர்னர் ஃபான் பிரவுனின் திட்டங்களுக்கும் அவர் ஓவிய வடிவம் தந்தார்.

கோள்களை வரைய, தொலைநோக்கியாவது துணை நின்றது. விண்மீன்களை வரைய அதுவும் உதவவில்லை. யாழ் விண்மீன் குழுவில் பீட்டா லைரே என்னும் விண்மீன் உண்டு. வெறுங்கண்ணால் பார்த்தால் அது ஒரே புள்ளிதான். அன்றைய மிகப் பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒரே புள்ளிதான். ஆயினும், அதன் ஒளி ஏறி இறங்குவதை இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் குட்ரிக் 1784ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். காது கேளாத அந்த இளம் வானியலாளர் 21 வயதிலேயே மறைந்துவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த ஒளியைப் பகுத்து ஆராய்ந்தார்கள். அந்தப் புள்ளிக்குள் இருப்பது ஒன்றையொன்று மிக நெருங்கிச் சுற்றும் இரண்டு விண்மீன்கள் என்பது தெரியவந்தது. ஒரு சுற்றுக்கு 13 நாளுக்கும் சற்றுக் குறைவாகவே ஆகிறது. ஒன்றை மற்றொன்று மறைக்கும்போது ஒளி குறைகிறது.

இவ்வளவு நெருக்கத்தில் ஈர்ப்பு விசை சும்மா இருக்காது. அது விண்மீனை இழுத்து முட்டை வடிவமாக்கிவிடும். ஒரு விண்மீனின் வாயு மற்றொன்றை நோக்கிப் பாயும். 1941இல் வானியலாளர் ஜெரார்ட் கைப்பர் இதனை விளக்கி ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆனால், ஆய்வுக் கட்டுரையில் இருந்தவை எண்களும் கோடுகளுமே. பொனஸ்டெல் அவற்றை ஒரு காட்சியாக்கினார். கற்பனைக் கோள் ஒன்றின் நிலப்பரப்பிலிருந்து பார்ப்பதுபோல் பீட்டா லைரேயை வரைந்தார். அருகருகே இரண்டு விண்மீன்கள். அவற்றை இணைக்கும் வாயு. அவற்றைச் சுற்றி வெளியே விரிந்து செல்லும் செந்நிறச் சுருள். அறிவியல் நூல்களைப் புரட்டிய பலருக்கு இரட்டை விண்மீன் என்றாலே இந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது.

எவரும் காணாததை வரைபவருக்கு ஓர் ஆபத்து உண்டு. என்றாவது ஒருநாள் யாரேனும் அதைக் கண்டுவிடுவார்கள். பொனஸ்டெல்லுக்கு அந்த நாள் அவர் உயிரோடு இருக்கும்போதே வந்தது. 1957இல் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காக அவர் 40 அடி நீளத்தில் நிலவின் தரைக்காட்சியை வரைந்திருந்தார். நிலவில் காற்றும் மழையும் இல்லை. எனவே மலைகள் தேயாமல் கூர்மையாகவே இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால், விண்வெளி வீரர்கள் எடுத்து வந்த படங்களில் நிலவின் மலைகள் வழவழப்பான குன்றுகளாகக் காட்சியளித்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த சிறுசிறு விண்கற்களே அவற்றைத் தேய்த்திருந்தன. 1970இல் அந்தப் பெரிய ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 82. பின்னர் அது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அதற்காக அவர் தூரிகையைக் கீழே வைத்துவிடவில்லை. 1986ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள், 98ஆம் வயதில் அவர் கலிபோர்னியாவின் கார்மல் நகரில் காலமானார். அப்போதும் ஓவியச் சட்டத்தில் முடிக்கப்படாத ஓர் ஓவியம் இருந்தது. ஒரு சிறுகோளும் செவ்வாயில் உள்ள ஒரு பள்ளமும் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளன.

பீட்டா லைரேக்கு உரிய நாள் மேலும் 22 ஆண்டுகள் கழித்து வந்தது. கலிபோர்னியாவின் வில்சன் மலையில் உள்ள பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்து, வானியலாளர்கள் அந்த இரட்டையரை முதன்முறையாகப் பிரித்துப் படமெடுத்தார்கள். 2008இல் அந்த ஆய்வு வெளியானது. பொனஸ்டெல் வரைந்த செந்நிறச் சுருள் அந்தப் படத்தில் தென்படவில்லை. ஒரு விண்மீன், தன்மீது வந்து சேர்ந்த வாயுவாலான தடித்த வட்டுக்குள் மறைந்திருந்தது. படத்தில் தெரிந்தவை மங்கலான இரண்டு ஒளித்திட்டுகள் மட்டுமே. அவை அருகருகே இருந்தன; இரண்டும் உருண்டையாக இல்லாமல் நீண்டிருந்தன.