வேலை போன மனிதரும் தூக்கணாங்குருவியும்

(மூன்றாம் ஆண்டு, பின்னலாடைத் தொழில்நுட்பப் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தர முடியுமா என்று பேரவைச் செயலாளர் என்னிடம் கேட்ட வாரம்தான் ரிசல்ட் வந்திருந்தது. எனக்கு ஒரு பேப்பர் போய்விட்டது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அரியர் என்றால் என்னவென்று அம்மாவுக்குப் புரிய வைப்பதற்கே அரை மணி நேரம் ஆனது. அப்பா திட்டவில்லை. அவர் ஓவர்லாக் டைலர், அம்மா செக்கிங். ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பனியன் கம்பெனிதான். அதில் ஒன்றில் ஆள் எடுக்கறாங்க அம்மிணி என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். அதற்குத் திட்டியே இருக்கலாம்!

யாரைப் பற்றி எழுதுவது? விஸ்வேஸ்வரய்யாவும் அப்துல் கலாமும் வருஷா வருஷம் மலரில் வருகிறார்கள். லைப்ரரியில் தேடியபோது பறவைகளைப் பற்றிய ஒரு பழைய புத்தகம் கையில் கிடைத்தது. அதில் பார்த்த பெயர்தான் சாலிம் அலி. பறவை மனிதர் என்று ஸ்கூலில் ஒரு மார்க் கேள்விக்கு எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான் தெரியும். அவரிடம் பட்டம் இல்லை, அதனால் அவருக்கு வேலை கிடைக்கவில்லை என்று ஒரு பாராவில் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒரு பாராவுக்காகத்தான் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

சாலிம் அலி பிறந்தது 1896 நவம்பர் 12, பம்பாயில். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா போய்விட்டார், மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜி வீட்டில்தான் வளர்ந்தார். மாமா வேட்டைப் பிரியர், அதனால் பையன் கையில் சின்ன வயதிலேயே ஒரு ஏர்கன்!

பத்து வயதில் அந்தப் பையன் செய்த ஒரு காரியம் என்னை யோசிக்க வைத்தது. பம்பாய் பக்கம் செம்பூரில் ஒரு குதிரை லாயம். சுவர்ப் பொந்தில் சிட்டுக்குருவி கூடு. பெண் குருவி உள்ளே முட்டையோடு இருக்க, ஆண் குருவி வெளியே காவல். இவர் மறைந்திருந்து அந்த ஆணைச் சுட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் பெண் குருவி வேறொரு ஆணோடு வந்தது. அதையும் சுட்டார். இப்படி ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பையன் ஒன்று செய்தான், நடந்ததை நோட்டில் எழுதி வைத்தான். பல வருஷம் கழித்து அந்தக் குறிப்பு அச்சிலும் வந்தது. ஒரு பெண் குருவி துணையை இழந்தால் எவ்வளவு சீக்கிரம் அடுத்த துணை கிடைக்கிறது என்பதற்கு அதுவே ஒரு சாட்சியாகிவிட்டது.

அப்புறம் ஒருநாள் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று மாமாவுக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேள் என்று அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்தவர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். பயந்துகொண்டு போன பையனுக்கு அவர் அலமாரி அலமாரியாகத் திறந்து, பதப்படுத்தி வைத்த பறவைகளைக் காட்டினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று தெரிந்தது. சாலிம் அலியின் வாழ்க்கை திரும்பிய இடம் அந்த அலமாரிகள்தான். அந்தச் செயலாளர் பிஸி என்று திருப்பி அனுப்பியிருந்தால்?

படிப்பு? அதுதான் நமக்கு வேண்டிய விஷயம். 1913-ல் தட்டுத் தடுமாறித்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். அப்புறம் பர்மாவில் தவாய் என்ற ஊருக்குப் போய்க் குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மர வியாபாரத்தையும் பார்த்தார். பார்த்தார் என்பது மரியாதைக்கு. காட்டில் பறவை பார்த்த நேரம்தான் அதிகம். திரும்பி வந்து பம்பாயில் வணிகச் சட்டமும் கணக்கும் படித்தார். செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் பிளாட்டர் என்ற பாதிரியார், உனக்கு இதல்ல, விலங்கியல் படி என்று வற்புறுத்தியதால் அந்த வகுப்புகளுக்கும் போனார். பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் கடைசிவரை வாங்கவில்லை. 1918-ல் தெஹ்மினா என்ற பெண்ணோடு கல்யாணம் ஆனது.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவை வல்லுநர் வேலைக்கு முயன்றபோது பட்டம் இல்லை என்று கதவு மூடிவிட்டது. 1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மியூசியத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது, சம்பளம் மாதம் 350 ரூபாய். இரண்டு வருஷத்தில் அலுத்துப் போய், லீவு போட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் மியூசியத்தில் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் பாடம் கற்றார். அவரைத்தான் ஆயுசு முழுக்கக் குரு என்று சொல்லிக்கொண்டார். 1930-ல் ஊர் திரும்பினால் மியூசியத்தில் அந்த வேலையே இல்லை. நிதி இல்லையென்று எடுத்துவிட்டார்கள்!

முப்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆனவர். கையில் ஜெர்மன் பயிற்சி, ஆனால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. செலவு குறையும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடி போனார்கள். போன இடத்தில் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

தூக்கணாங்குருவியை நம்மில் பார்க்காதவர் யார்? தாராபுரம் பக்கம் எங்கள் அப்பா ஊரில், கிணற்று மேட்டுப் பனையில் சுரைக்குடுக்கை மாதிரி வரிசையாகத் தொங்கும். கூட்டுக்குள் களிமண் உருண்டை ஒட்டி அதில் மின்மினிப் பூச்சியைச் செருகி விளக்கு வைக்கும் என்று அப்பா சொல்வார். களிமண் இருப்பது நிஜம்தான், விளக்கைத்தான் விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்வதில்லை. மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப் போய்த் தன் கூட்டையே இழந்த குருவி கதையும் எல்லாருக்கும் தெரியும். இத்தனை காலமாக இத்தனை பேர் பார்த்த குருவி. ஆனால் மரத்தில் பாதி கட்டின கூடுகள் ஏன் அப்படியே தொங்குகின்றன என்பதை யாரும் ஒழுங்காக விசாரிக்கவில்லை. ஆண் குருவி உட்கார்ந்து இளைப்பாறக் கட்டியது என்று முன்னால் எழுதிய சிலர் நினைத்தார்கள்.

வேலை இல்லாத சாலிம் அலிக்கு நேரம் நிறைய இருந்தது. ஏணி வைத்து, மேலே துணி மறைப்புக் கட்டி, கூடுகளுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். மழைக்காலம் முழுக்க நாள்தோறும் நோட்டும் கையுமாக. எந்தக் கூட்டில் எந்த ஆண், எந்தப் பெண் வந்தது, எப்போது போனது என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர் கண்டது இதுதான். கூடு கட்டுவது ஆண் மட்டும். புல்லிலோ பனையோலையிலோ ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, நாராகக் கிழித்துக்கொண்டு வரும். நாம் படிக்கிற நிட்டிங் என்றால் வளையத்துக்குள் வளையம். குருவி செய்வது நெசவுக்குப் பக்கம், நாரை மேலும் கீழுமாகக் கோத்து இழுத்து முடிச்சும் போடும். ஒரு கூட்டுக்கு 500 தடவை வரைகூடப் பறந்து நார் கொண்டுவரும், முடிக்கச் சுமார் 18 நாள் ஆகும் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆண் அதை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. தலைக்கவசம் கவிழ்த்த மாதிரி பாதி வந்ததும் நிறுத்திக்கொண்டு, சிறகடித்துக் கூப்பாடு போடும். பெண் குருவிகள் வந்து உள்ளே நுழைந்து இழுத்துப் பார்க்கும். பிடித்துப் போனால் பெண் அங்கேயே தங்கிவிடும், ஆண் மிச்சத்தைக் கட்டி முடிக்கும். பெண் இரண்டு முதல் நான்கு முட்டை இட்டுத் தனியாகவே அடைகாக்கும். ஆண் அடுத்த கிளையில் அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும்! அதற்கு இன்னொரு பெண். பிடிக்காமல் போனால் பாதிக்கூடு பாதியாகவே நிற்கும். ஒரு ஆண் ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணை சேர்வதை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் யாரும் காட்டவில்லை. 1931-ல் பம்பாய்க் கழகத்தின் இதழில் கட்டுரை வந்தது, உலகம் அவர் பெயரைக் கவனித்தது.

இதை நான் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. செக்கிங்னா அப்படித்தான் கண்ணு, முழுசாத் தெச்சு முடிச்சப்புறம் ஓட்டையைக் கண்டுபிடிச்சா யாருக்கு நஷ்டம், பாதியிலயே பார்த்துட்டா நூலும் மிச்சம் கூலியும் மிச்சம் என்றார். அரியரைப் புரிய வைக்க அரை மணி ஆயிற்று, தூக்கணாங்குருவியைப் புரிய வைக்க அரை நிமிஷம் ஆகவில்லை! பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் ஒன்று சொல்கின்றன. பெண் குருவி நெசவின் அழகைவிட, கூடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் அதிகம் பார்க்கிறதாம். மரத்தில் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பதெல்லாம் முக்கியம்.

அப்பா வேறு கேள்வி கேட்டார். வேலை இல்லாமல் மாசக்கணக்காக் குருவி பார்த்தாரே, சோத்துக்கு என்ன பண்ணினார்? எனக்குச் சுருக்கென்றது. நான் வேண்டுமென்றே தாண்டிப்போன இடம் அது. பட்டம் இல்லாமலே ஜெயித்தார் பாருங்கள் என்று சொல்லி என் அரியரை மூடிவிடலாம் என்றுதான் நான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். அவருக்குப் பின்னால் வசதியான சொந்தக்காரர்கள் இருந்தார்கள், தங்க ஒரு வீடு இருந்தது. சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் மளிகை என்ற நிலைமை அவருக்கு இல்லை. நமக்கு அந்தச் சர்டிபிகேட் வேண்டும்தான். அவருடைய உழைப்பு பொய்யில்லை, ஆனால் அவர் ஏணி நின்ற தரை நம் தரை அல்ல. இதை எழுதாமல் விட்டால் அப்பாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

அதற்கப்புறம் அவர் ஓயவில்லை. சமஸ்தானங்களுக்கு எழுதிப் போட்டார். எனக்குச் சம்பளம் வேண்டாம், வழிச்செலவு கொடுங்கள், உங்கள் ஊர்ப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்றார். ஐதராபாத், 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி, பிறகு போபால், குவாலியர் என்று மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போனார். தெஹ்மினாவும் கூடவே காட்டில் கூடாரம் போட்டுத் தங்கினார். 1939-ல் ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் பின் அவர் இறந்துபோனார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. சிறையில் இருந்த நேரு அதைத் தன் மகள் இந்திராவுக்குக் கொடுத்தார். டில்லன் ரிப்ளே என்ற அமெரிக்கரோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிப் பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. பத்ம பூஷண் 1958, பத்ம விபூஷண் 1976, ராஜ்யசபா 1985. பட்டம் இல்லையென்று கதவு சாத்தப்பட்டவருக்கு மூன்று பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன.

அவர் தப்பே செய்யாதவர் என்று எழுத மாட்டேன். ராஜஸ்தானில் பரத்பூர் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அங்கே எருமை மேய்ந்தால் பறவைகளுக்குக் கெடுதல் என்று அவர் நினைத்தார். 1982-ல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது, ஊர்க்காரர்களோடு மோதலாகி உயிர்களும் போயின. அப்புறம் அவருடைய கழகமே பல வருஷம் நடத்திய ஆய்வில் நேர்மாறான முடிவு வந்தது. எருமை மேயாததால் புல் மண்டித் தண்ணீரை அடைத்து, பறவைகளுக்குத்தான் இடைஞ்சல் ஆயிற்று. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய வி.எஸ். விஜயன்தான் பின்னால் நம்ம கோயம்புத்தூர் பக்கம் ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநர். குருவின் கணக்கில் பிழை கண்டவர், குருவின் பெயரில் உள்ள இடத்துக்கே தலைவர். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

சாலிம் அலி 1987 ஜூன் 20-ல், தொண்ணூறு வயதில் புற்றுநோயால் காலமானார்.

இதை எழுதி முடிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஊத்துக்குளி ரோடு வழியாக நஞ்சராயன் குளத்துக்குப் போனேன். 2022-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சர் இடமாகவும் அறிவித்தார்களே, அதே குளம். இருபது வருஷத்துக்கு மேல் டேபிளில் துணியையே பார்த்த கண் அம்மாவுடையது. கரையோர மரத்தில் தொங்கினதை நான் எண்ணுவதற்குள், முடிஞ்சது ஏழு, பாதி நாலு என்று சொல்லிவிட்டார். அந்த நாலில் எது ரிஜெக்ட் ஆனது, எது இன்னும் செக்கிங்குக்கு நிற்கிறது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்ப உட்காரு பாக்கலாம் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். அஞ்சு மணி பஸ் போய்விட்டது. மூன்றாவது கூட்டுக்கு ஒரு பெண் குருவி வந்தது, உள்ளே போனது, ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.