மன்னரின் ஆணையும் திறக்காத கதவுகளும்: முத்துலட்சுமி ரெட்டி கல்லூரியில் இடம் கேட்ட வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. மெட்ரிகுலேஷன் தேறிய ஒருவர் மேற்படிப்புக்கு இடம் கேட்டிருந்தார். தேர்ச்சியில் குறை ஏதுமில்லை. விண்ணப்பித்தவர் பெண் என்பது முதல் தடையாயிற்று. அவர் யார் வயிற்றில் பிறந்தவர் என்பது அடுத்த தடையாயிற்று. ஆண் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு பெண் அமர்ந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்றார்கள்; அதிலும் தேவதாசி மரபில் வந்த தாயின் மகள் அமர்வதா என்றார்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

அந்தப் பெண்தான் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கருவுற்ற ஏழைப் பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியிருப்பதால் அந்தப் பெயர் இன்று ஊர்தோறும் தெரியும். ஆனால், அவருடைய வாழ்க்கை ஒரு சேர்க்கை மறுப்பிலிருந்தும் அதன்மீதான முறையீட்டிலிருந்தும் தொடங்கியது என்பதைப் பாராட்டுரைகள் ஒரே வரியில் கடந்து போகின்றன. நாம் அந்த வரியில் சற்று நேரம் நிற்க விரும்புகிறோம்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். பார்ப்பனர் ஒருவர் தேவதாசி மரபில் வந்த பெண்ணோடு ஊரறியக் குடும்பம் நடத்தியதை அவருடைய சுற்றத்தார் பொறுக்கவில்லை; அவரை விலக்கி வைத்தார்கள். அந்த வீட்டில் தந்தையிடம் கல்வியும் தாயிடம் ஊராரின் ஏளனமும் இருந்தன. இரண்டையும் மகள் பெற்றுக்கொண்டார்.

பெண் பிள்ளை பூப்பெய்தியதும் பள்ளியை நிறுத்துவது அக்கால வழக்கம். முத்துலட்சுமிக்கும் அந்த வயது வந்தது. தந்தை படிப்பை நிறுத்தவில்லை; வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். வீட்டுக்குள் படித்துத் தேர்வெழுதலாம். ஆனால் அதற்கு மேலுள்ள வகுப்புக்கு வீடு போதாது. சமஸ்தானத்தில் இருந்த கல்லூரி ஒன்றே ஒன்று. அது மறுத்தால் அடுத்த கதவு இல்லை.

அந்த நிலையில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டார். எதிர்ப்பைப் புறந்தள்ளி முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார், உதவித்தொகையும் அளித்தார். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் ஒரே பெண்ணாக அவர் நுழைந்தார்.

இந்த ஆணையைச் சாதாரணமாக மதிப்பிட்டுவிட முடியாது. அதே வேளையில், அது எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். மறுத்தவர்கள் தங்கள் மறுப்புக்கு எந்த விதியையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஏற்றுக்கொண்ட மன்னரும் எந்த விதியையும் இயற்றவில்லை. ஒருவர் மனம் இசைந்தார். ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவருடைய மகளின் குரல் அரண்மனைக்குள் எட்டியது. சமஸ்தானத்தின் சேரிகளில் இருந்த பிள்ளைகளுடைய குரல் அரண்மனை வாசலைக்கூட எட்டியிருக்காது. மறுக்கப்படுவதற்கே முதலில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்க மெட்ரிகுலேஷன் தேற வேண்டும். அதற்குத் திண்ணைப் பள்ளியிலாவது உட்கார இடம் வேண்டும். நம் முன்னோரில் பெரும்பாலோர் முதல் படியிலேயே நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்குச் சேர்க்கை மறுப்பு என்று ஓர் ஆவணம்கூட இல்லை.

அந்த மன்னருக்கே பிற்காலத்தில் நேர்ந்ததை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1915-இல் அவர் ஆஸ்திரேலியப் பெண்ணான மாலி ஃபிங்க்கை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். அந்தப் பிள்ளையை வாரிசாக ஏற்க ஆங்கிலேய அரசு மறுத்துவிட்டது. தாய் யார் என்பதைக் காட்டி ஒரு குழந்தையின் உரிமையைத் தட்டிக்கழிப்பது எப்படியிருக்கும் என்பதை அரண்மனையும் அறிந்துகொண்டது. மன்னர் நாட்டைவிட்டு வெளியேறி, 1928-இல் பாரிஸில் இறந்தார்.

கல்லூரிக்குள் நுழைந்த முத்துலட்சுமி எப்படிப் படித்தார்? மூடிய வண்டியில் போய், மாணவர்களின் பார்வை படாமல் திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இதைப் படிக்கும்போது நமக்கு இரட்டைமலை சீனிவாசன் நினைவுக்கு வருகிறார். அவர் ஒரு தலைமுறை முந்தியவர், கோயம்புத்தூரில் படித்தவர். பார்ப்பன மாணவர்களே நிறைந்திருந்த அந்தப் பள்ளியில், யாரோடேனும் பழகினால் தம் சாதியும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகே வகுப்புக்குள் நுழைந்ததைத் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். முத்துலட்சுமிக்குத் திரையைப் பிறர் கட்டினார்கள். சீனிவாசன் தமக்குத் தாமே ஒன்றைக் கட்டிக்கொள்ள நேர்ந்தது. சேர்க்கை கிடைத்தபின்னும் வகுப்பறையில் நிகழும் விலக்கலை எந்த ஆணையும் தானாக நீக்கிவிடுவதில்லை. இன்று உயர்கல்வி நிறுவனங்களில் நம் பிள்ளைகள் தம் தரவரிசை எண்ணைச் சொல்லத் தயங்குவதைக் காண்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1907-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று அவரைச் சிலர் எழுதுவது தவறு. அதே கல்லூரியில் 1875-லேயே மேரி ஷார்லீப் சேர்ந்திருந்தார். ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்கூலியும் முத்துலட்சுமி பிறந்த ஆண்டிலேயே பட்டம் பெற்றுவிட்டார்கள். மிகைப்படுத்தாமலேயே அவருடைய பெருமை நிற்கும். அறுவை மருத்துவப் பேராசிரியர் கர்னல் கிஃபர்ட் தம் வகுப்பில் பெண்களை அனுமதிக்காதவர். அந்தப் பாடத்திலேயே முத்துலட்சுமி முதலிடம் பெற்றபின் அவர் மனம் மாறினார். 1912-இல் முத்துலட்சுமி பட்டம் பெற்றார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

இந்த இரண்டு மறுப்புகளையும் அவர் திறமையால் வென்றார் என்று மட்டும் சொல்லி முடிப்பது நம் நாட்டில் பழகிப்போன ஒரு கதை. திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது என்று பாடம் சொல்லவும் அது வசதியானது. முதலிடம் பெற்றால்தான் உட்காரும் உரிமை என்றால், நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளை எங்கே போவது? உடன் படித்த ஆண்களில் நடுத்தரமானவர்களும் கடைசி வரிசைக்காரர்களும் இருந்திருப்பார்கள்; அவர்களுடைய இடத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. முத்துலட்சுமி தம் வெற்றியை அந்தப் பாடமாக மாற்றிக்கொள்ளவில்லை என்பதே அவரிடம் நாம் மதிக்கும் செய்தி. தாம் பெற்ற விதிவிலக்கு பிறருக்கு விதியாக வேண்டும் என்று அவர் சட்டமன்றத்துக்குப் போனார்.

1926-இன் இறுதியில் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, நாட்டின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்களில் ஒருவரானார். அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927-இல் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-இல் கொண்டுவந்தார். காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அதே ஆண்டில் பதவியைத் துறந்தார். மசோதா சட்டமாக 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்காக மேடை மேடையாக ஏறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை மறந்து இந்த வரலாற்றை எழுத முடியாது. சட்டமன்றத்துக்குள் நடந்த போராட்டத்துக்கு வெளியே மண்ணில் ஆதரவு திரட்டியவர் அவர்.

சட்டத்தை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் எஸ். சத்தியமூர்த்தி. அவரும் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்காரர், திருமயத்தில் பிறந்தவர், அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். அவர் அங்கே சேர மன்னரின் ஆணை தேவைப்பட்டதாக எந்த வரலாறும் சொல்லவில்லை.

முத்துலட்சுமியின் வாழ்க்கையில் நம்மை மிகவும் நிறுத்திவைக்கும் நிகழ்ச்சி சட்டமன்றத்தில் நடந்ததன்று. 1930-இல் பொட்டுக்கட்டுவதிலிருந்து தப்பி ஓடிவந்த சிறுமியர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைப் படிக்க வைக்க மாணவியர் விடுதிகளில் இடம் கேட்டார். குலத்தைக் காரணம் காட்டி விடுதிகள் மறுத்தன. கால் நூற்றாண்டுக்கு முன் தாம் கேட்ட அதே மறுமொழியை இப்போது வேறு பிள்ளைகளுக்காகக் கேட்டார். இம்முறை முறையிட மன்னர் எவரும் இல்லை. அவரே சமூகத்தில் செல்வாக்குள்ள மருத்துவர். ஆயினும் விடுதிகள் அசையவில்லை. அந்தச் சிறுமியரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஔவை இல்லம். பின்னர் அடையாறில் பள்ளியாகவும் விடுதியாகவும் விரிந்து, ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்குச் சாதி பாராமல் இடம் கொடுத்தது.

இந்த இடத்தில் நம் மாறுபாட்டையும் சொல்லிவிடுவோம். முத்துலட்சுமியின் சீர்திருத்தம் ஒழுக்கம், கற்பு, தூய்மை என்ற சொற்களைச் சுற்றியே பெரும்பாலும் பேசியது. அதனால் தேவதாசிப் பெண்களின் கலையும் சொத்துரிமையும் என்னவாயின என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆட்டம் மேல்சாதி மேடைகளுக்குப் போயிற்று, ஆடியவர்கள் போகவில்லை. அதே சட்ட மேலவையில் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தும் உரிமைக்குத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். தீண்டாமையை நேருக்கு நேர் தாக்கிய அந்த மரபும் முத்துலட்சுமியின் மரபும் ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்து ஒலித்தும், ஒன்றோடொன்று முழுமையாகக் கைகோக்கவில்லை.

இன்னொரு முறையீட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950-இல் செண்பகம் துரைராஜன் என்ற பார்ப்பனப் பெண், வகுப்புவாரி அரசாணையால் தமக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று நீதிமன்றம் சென்றார். அவர் விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பதை உச்சநீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. ஆனாலும் 1951-இல் அந்த அரசாணை செல்லாது என்றாயிற்று. பெரியார் தலைமையில் எழுந்த கிளர்ச்சியை அடுத்து, அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) பிரிவு சேர்ந்தது. விண்ணப்பித்துத் தேர்ச்சியும் காட்டிய முத்துலட்சுமிக்கு ஒரு மன்னரின் தயவு தேவைப்பட்டது. விண்ணப்பிக்காதவருக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் திறந்திருந்தது.

முத்துலட்சுமியின் கடைசிக் காலத்துப் பணி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தவர் அவர். 1954-இல் அது செயல்படத் தொடங்கியது. 1968 ஜூலை 22 அன்று அவர் காலமானார்.

அவருடைய புதுக்கோட்டை 1948-இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்து, 1974-இல் தனி மாவட்டமாயிற்று. அவர் இடம் கேட்ட கல்லூரி இன்று அரசுக் கல்லூரி. பெண்கள் அங்கே திரையின்றி அமர்கிறார்கள். அதே மாவட்டத்தின் வேங்கைவயலில்தான் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை, பிள்ளைகள் நோயுற்ற பிறகு நாடு அறிந்தது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. சேர்க்கைக்காகத் தேர்வு வைப்பதையும் தடுக்கிறது. எட்டாம் வகுப்போடு அந்தக் காப்பு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல்தான் வடிகட்டல் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், பதினொன்றில் அறிவியல் பிரிவு கேட்டு, மதிப்பெண் போதாது என்ற வாய்மொழிப் பதிலோடு திரும்பும் பெற்றோரை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். எழுத்தில் காரணம் கேட்டால் தருவதற்குத் தயங்குகிறார்கள். காரணம் எழுத்தில் இல்லாததால் மேல்முறையீட்டுக்கும் பிடிமானம் இருப்பதில்லை.

அப்படித் திரும்பும் புதுக்கோட்டைப் பெற்றோர் சிலர் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதி எடுத்துப் போகிறார்கள். தொண்டைமான்கள் பிற்காலத்தில் கட்டிய அரண்மனைதான் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். மனுவோடு அவர்கள் வரிசையில் நிற்பது அங்கேதான்.