பாரிஸ்டர் காந்தி: பரீட்சைக்குப் படித்ததும் வழக்குக்குப் படித்ததும்

மம்சாபுரத்துக்காரர்களுக்குக் கோர்ட் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் சிலர் சட்டம் படித்துவிட்டு, கறுப்பு அங்கியோடு அந்த வளாகத்துக்குள் நுழையும் நாளை எதிர்பார்த்திருக்கிறார்கள். பட்டம் வாங்கிப் பார் கவுன்சிலில் பதிவு செய்தாலும் அகில இந்திய பார் தேர்வு என்ற ஒரு படி பாக்கி இருக்கிறது. நூறு கேள்விகள். குறிப்புரை இல்லாத சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். அதனால் கடைசி இரண்டு வாரம் கைடைப் புரட்டினால் போதும் என்ற பேச்சு மாணவர்களிடையே சாதாரணமாகக் கேட்கிறது.

இது புதிய பேச்சல்ல. 1888இல் லண்டனுக்குப் போய் இறங்கிய ஒரு குஜராத்தி இளைஞரும் இதையேதான் கேட்டார். அவரை நாம் தேசத்தந்தையாக அறிவோம்; பரீட்சை எழுதிய மாணவராக அதிகம் பார்த்ததில்லை.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2இல் போர்பந்தரில் பிறந்தார். பள்ளியில் நடுத்தர மாணவர். 1887இல் மெட்ரிகுலேஷன் தேறி, பவநகர் கல்லூரியில் ஒரு பருவம் படித்தார். பாடம் எதுவும் புரியாமல் வீடு திரும்பினார். குடும்ப நண்பர் ஒருவர்தான், மூன்று வருடத்தில் பாரிஸ்டர் ஆகிவிடலாம், இங்கிலாந்துக்கு அனுப்புங்கள் என்று யோசனை சொன்னார். தாயார் தயங்கினார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடமாட்டேன் என்று மகன் சத்தியம் செய்து கொடுத்த பிறகே சம்மதம் கிடைத்தது. கடல் கடந்து போகிறார் என்பதற்காக அவருடைய சாதியார் அவரைத் தள்ளி வைத்தார்கள். 1888 செப்டம்பர் 4இல் பம்பாயில் கப்பல் ஏறினார். நவம்பரில் லண்டன் இன்னர் டெம்பிளில் சேர்ந்தார்.

அங்கே பாரிஸ்டர் ஆக இரண்டு வேலைகள் முடிய வேண்டும். ஒன்று பரீட்சை. மற்றது விருந்து! பன்னிரண்டு பருவங்களை நிறைவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஆறு விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டும். நாலு பேர் கொண்ட ஒரு மேசைக்கு இரண்டு பாட்டில் ஒயின் வைப்பார்கள். காந்தி தொடமாட்டார் என்று தெரிந்ததால், அவர் பங்கும் நமக்கே என்று அவரைத் தங்கள் மேசைக்கு இழுக்கப் போட்டி நடந்ததாம். ஹலால் ஹராம் பார்த்து வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரியும்.

பரீட்சையோ எளிது. ரோமானியச் சட்டத் தாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தேறிவிடுவார்கள். இறுதித் தேர்விலும் முக்கால்வாசிப் பேர் தேறுவார்கள். வருடத்துக்கு நாலு முறை பரீட்சை உண்டு. ரோமானியச் சட்டத்தை இரண்டு வாரக் குறிப்பிலும், இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தை இரண்டு மூன்று மாதக் குறிப்பிலும் முடித்துவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது.

நேரம் மிச்சமிருக்கிறதே என்று காந்தி லண்டன் மெட்ரிகுலேஷனுக்கும் படித்தார். முதல் முறை லத்தீனில் தோற்றார். மறுபடி எழுதித் தேறினார். இந்த லத்தீன் வீண் போகவில்லை. ரோமானியச் சட்டத்தைக் குறிப்பு வழியாக அல்லாமல் மூல மொழியிலேயே படிக்க அது உதவியது. பிற்பாடு அவர் தொழில் செய்யப் போன தென்னாப்பிரிக்காவில் நடைமுறையில் இருந்ததோ ரோமன் டச்சுச் சட்டம். லண்டனில் அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பொதுச் சட்டத்துக்கு அவர் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். பணம் கொடுத்து வாங்கிய புத்தகங்களைப் படிக்காமல் விடுவது ஒரு மோசடி என்றே அவருக்குப் பட்டது. புரூமின் பெரிய நூலை முழுவதும் படித்தார். ஸ்நெல் எழுதிய ஈக்விட்டி நூல் கடினமாக இருந்தாலும் விடவில்லை. நிலச் சொத்துச் சட்டம் பற்றிய வில்லியம்ஸின் நூல் அவருக்கு நாவல் படிப்பதுபோல ஓடியதாம். சொத்துச் சட்டத்தை நாவலாகப் படித்தவரை நாம் இவரைத் தவிர வேறு யாரையும் கேள்விப்பட்டதில்லை. மதரஸாவில் உஸ்தாத் முன் உட்கார்ந்து ஒரு கிதாபை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஓதியவர்களுக்கும், சுருக்கவுரையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் ஆலிம்களுக்குத் தெரியும்.

1891 ஜூன் 10இல் பாரிஸ்டர் ஆனார். 11இல் உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்தார். 12இல் கப்பல் ஏறிவிட்டார். ஊர் திரும்பிய பிறகுதான் தாயார் இறந்துபோன செய்தி அவருக்குச் சொல்லப்பட்டது.

இவ்வளவு படித்தவர் பம்பாயில் என்ன செய்தார்? சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு, ஃபீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியேறினார். அன்று பம்பாயில் பத்ருத்தீன் தய்யிப்ஜியின் வாதத் திறமையும், சாட்சியச் சட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்த பிரோஸ்ஷா மேத்தாவின் புகழும் கேட்டுக் கேட்டு அவருக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போயிற்று. 75 ரூபாய் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை கேட்டார். பட்டதாரி இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

இதைக் காட்டி, புத்தகப் படிப்பால் பயனில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. புத்தகத்தை முழுதாகப் படிக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. அதை வழக்குக் கட்டின் மீது திருப்பும் சந்தர்ப்பம்தான் இன்னும் வரவில்லை.

அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுத்தவர்கள் போர்பந்தர் மேமன் முஸ்லிம்கள். தென்னாப்பிரிக்காவில் பெரிய வியாபாரம் செய்த தாதா அப்துல்லா கம்பெனி, ஒரு வருட வேலைக்கு 105 பவுன் பேசி 1893இல் அவரை அழைத்தது. எதிர்த் தரப்பு தாதா அப்துல்லாவின் உறவினரான தய்யிப் சேட். வழக்கின் தொகை 40,000 பவுன். வழக்கு முழுவதும் கணக்குப் புத்தகங்களில் கிடந்தது. காந்திக்கோ பற்று வரவு தெரியாது, பி.நோட் என்றால் என்னவென்றே தெரியாது. அகராதி பார்த்து, அது பிராமிசரி நோட் என்று தெரிந்துகொண்டார். கணக்கியல் புத்தகம் ஒன்று வாங்கி அதையும் முதலிலிருந்து படித்தார். பிறகு பிரிட்டோரியாவில் இரு தரப்பு ஆவணங்களையும் ஒன்று விடாமல் படித்தார். சட்டத்தில் முக்கால் பங்கு நிகழ்ந்த உண்மைகள்தான் என்பது அங்கே அவருக்குப் பிடிபட்டது.

தாதா அப்துல்லா பக்கம் நியாயம் பலமாக இருந்தது. ஆனாலும் வழக்கு நீண்டால் வக்கீல் செலவில் இரு குடும்பமும் அழியும் என்று கண்டு, இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்கு, 37,000 பவுனும் செலவும். மொத்தமாகக் கட்டச் சொன்னால் தய்யிப் சேட் திவாலாகிவிடுவார். மேமன்களிடையே அது சாவைவிடப் பெரிய அவமானம். நீண்ட தவணையில் வாங்கிக்கொள்ளத் தாதா அப்துல்லாவைச் சம்மதிக்க வைத்தார். தொழில் செய்த இருபது ஆண்டுகளில் பெரும் பகுதியை இப்படிப்பட்ட சமாதானங்களிலேயே கழித்தார். ஸுல்ஹின் சிறப்பைப் பற்றி வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

1894இல் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் பதிவு செய்தார். வெள்ளை வக்கீல்களின் சங்கம் எதிர்த்தும் நீதிமன்றம் அனுமதித்தது. தொழில் தொடங்கிய சில மாதங்களில் அழுதபடி வந்து நின்றவர் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி. எஜமானன் அடித்ததில் முன்பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்திருந்தார். காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய், வேறு எஜமானனிடம் மாற்றிக் கொடுத்தார். அந்தச் செய்தி கூலிகள் நடுவே பரவியது. அதற்குப் பிறகு நடந்த சத்தியாகிரகங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை.

1922இல் ராஜதுரோக வழக்கில் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு இன்னர் டெம்பிள் அவரைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. 1927இல் கதர்ப் பிரசாரத்துக்காக நம் ராஜபாளையத்துக்கு வந்தபோது அவர் பாரிஸ்டர் இல்லை. 1948 ஜனவரி 30இல் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் இல்லை. நீக்கிய பெயரை இன்னர் டெம்பிள் மறுபடி சேர்த்துக்கொண்டது 1988இல்.